புள்ளி வைக்காத ஏடும் திண்ணை ஏறாத பிள்ளையும்

சென்ற ஜூன் மாதம், பள்ளி திறந்து இரண்டாவது வாரம். மதுரைக்குக் கிழக்கே ஒரு கண்மாய்க்கரைக் குடியிருப்பில் நாங்கள் மாலை வகுப்பு நடத்துகிறோம். ஐந்தாம் வகுப்புக்குப் போகிற ஒரு பையன் சுவரில் சாய்ந்தபடி வாசித்துக்கொண்டிருந்தான். சொல் 'பட்டம்'.

"ப... இட்... ட... இம்."

"சரி, இப்பச் சேத்துச் சொல்லு."

"பயிட்டயிம்."

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். என்ன சொல் என்று கேட்டால் தெரியவில்லை. நான்கு எழுத்தையும் சரியாகத்தான் சொன்னான். அரை மணி நேரத்துக்கு முன்பு கண்மாய் மேட்டில் செய்தித்தாளில் ஒட்டிய பட்டத்தை விட்டுக்கொண்டிருந்தவன் அவன்.

அவன் படிக்கும் பள்ளியில் ஒருவரிடம் பேசினோம். "அந்தத் தெருப் பிள்ளைங்களுக்குப் புள்ளி வச்ச எழுத்து வராதுங்க. வீட்டுல பேசுற பேச்சு அப்படி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்கு வெயில் அதிகம் என்பதுபோலச் சொன்னார். அந்தப் பேச்சுதான் எங்களை இதை எழுத வைத்தது. புள்ளி வைத்த எழுத்து யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்பதற்கு இந்த மதுரைச் சீமையிலேயே நீண்ட வரலாறு இருக்கிறது. மாலை வகுப்பு எடுக்கிற மாணவத் தோழர்கள் அதைத் தெரிந்துகொண்டு பிள்ளைகள் முன் உட்காருவது நல்லது.

முதலில் அவன் எங்கே இடறினான் என்று பார்ப்போம். மெய்யெழுத்தைத் தனியே சொல்வது கடினம் என்பதால் முன்னால் ஒரு 'இ' சேர்த்து இக், இங், இச், இஞ் என்று சொல்லிக்கொடுக்கிறோம். அது எழுத்தின் பெயர். சொல்லுக்குள் போனால் அந்த 'இ' கழன்றுவிட வேண்டும். புள்ளி எழுத்து தனக்கு முன்னால் நிற்கிற எழுத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பட்-டம். இதை எந்தப் பாடநூலும் பிள்ளையிடம் நேராகச் சொல்வதை நாங்கள் பார்த்ததில்லை. படித்த வீடுகளில் இதைச் சொல்ல யாரும் மெனக்கெடுவதில்லை. அடுப்படியிலிருந்து அம்மா "இட்டுன்னு சொல்லாதடா, பட்டம்னு சொல்லு" என்று ஒரு குரல் கொடுத்தால் வேலை முடிந்தது. பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு பண்பாட்டு மூலதனம் என்று பெரிய பெரிய புத்தகமாக எழுதியதில் ஒரு பங்கு இந்த அடுப்படிக் குரல்தான். எங்கள் பையனின் அம்மா அந்த நேரத்தில் செங்கல் சூளையில் இருக்கிறார். வீட்டில் இருந்தாலும் அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இடறுகிற இடங்கள் இரண்டு வகை. ஒன்று க்க, ச்ச, ட்ட, த்த, ப்ப, ல்ல, ம்ம என்று ஒரே எழுத்து இரட்டிப்பது. இன்னொன்று ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்று மெல்லினமும் வல்லினமும் கைகோத்து வருவது. நன்னூல் முதல் வகையை உடனிலை மெய்ம்மயக்கம் என்றும், வேறு வேறு மெய்கள் சேர்வதை வேற்றுநிலை மெய்ம்மயக்கம் என்றும் சொல்கிறது. இரண்டாவது வகையில் ஒரு கூடுதல் சிக்கல். 'கடல்' என்பதில் வருகிற க வேறு, 'சங்கம்' என்பதில் வருகிற க வேறு. ங் பக்கத்தில் வந்தவுடன் க இளகிவிடுகிறது. எழுத்தில் மாற்றம் தெரியாது. ஆங்கிலத்தில் 'எஸ்', 'எச்' இரண்டும் சேர்ந்தால் 'ஷ்' ஆகிறது. அங்கே பிள்ளைகளுக்கு அந்த ஜோடியை ஒரே துண்டாகக் காட்டிப் பழக்குவார்கள். நம்முடைய ங்க, ஞ்ச போன்றவற்றையும் அப்படித் துண்டாகத்தான் காட்ட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால் தமிழ் நெடுங்கணக்கே இந்த ஜோடிகளை வரிசையில் வைத்திருக்கிறது. க ங, ச ஞ, ட ண, த ந, ப ம. கடைசியில் ற ன. யார் யாருடன் சேர்வார்கள் என்பதுதான் அந்த வரிசை. பிள்ளைகள் அதை ராகமாக ஒப்பிக்கிறார்கள். அது ஏன் அப்படி இருக்கிறது என்று எங்களில் பெரும்பாலோருக்குமே முதுகலை முடிக்கும்வரை யாரும் சொன்னதில்லை. ஙகர வரிசையில் ஙீ, ஙௌ எல்லாம் எழுதி எழுதித் தேய்த்த கைகள் நம்முடையவை. வாழ்க்கையில் அந்த எழுத்துகளை எங்கே பார்த்தோம்? ங் என்றால் ங்க. அவ்வளவுதான் அதன் பிழைப்பு.

இனி வரலாறு. மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் குன்றில் இருக்கும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளை 1882இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்தார். நெடுஞ்செழியன் பெயர் வருகிற கல்வெட்டுகள் அவை. தென்கிழக்கே கீழடியில் ஆதன், குவிரன் என்று பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. சாப்பாட்டுப் பானையில் பெயர் கீறியவர் அரண்மனைப் புலவராக இருந்திருக்க வேண்டியதில்லை. இந்தச் சமவெளியில் எழுத்து ஒருகாலத்தில் கைவினைஞர், வணிகர் கைகளிலும் புழங்கியது என்று அதை வைத்துச் சொல்ல முடியும். எப்போது, எப்படி அந்தக் கதவு சாத்தப்பட்டது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். நாம் நேராகப் பனையோலைக்கு வருவோம்.

மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருக்கிறது. ஆனால் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். அதனால் ஏடு எழுதியவர்கள் பொதுவாகப் புள்ளியை விட்டுவிட்டார்கள். 'பட்டம்' என்பது ஏட்டில் 'படடம' என்று இருக்கும். 'கம்பம்' என்பது 'கமபம'. எகர ஏகார வேறுபாடும் இல்லை, ஒகர ஓகார வேறுபாடும் இல்லை. கொடுவும் கோடுவும் ஒரே வடிவம். மதுரை மிஷனில் பணியாற்றிய வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் அந்த நெடில் குறில் குழப்பத்துக்கு ஒரு வழி செய்தார். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியும் கிடையாது. இப்படிப்பட்ட ஏட்டை எப்படி வாசிப்பது? எந்த எழுத்து மெய், எது உயிர்மெய் என்பதை, அந்தப் பாட்டை ஏற்கெனவே காதால் கேட்டு மனப்பாடம் செய்தவர்தான் தடையில்லாமல் சொல்ல முடியும். மற்றவர் ஒவ்வொரு சொல்லிலும் ஊகித்துக்கொண்டே போக வேண்டும். ஏடு கையில் கிடைத்தால் மட்டும் போதாது, அதைச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கவும் வேண்டும்.

அந்த இடம் திண்ணை. திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி நம் ஆட்களில் சிலரே இப்போது உருகி எழுதுகிறார்கள். மணலில் விரலால் எழுதினார்கள், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தான், அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர், எவ்வளவு அழகான முறை என்று. முறை நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் திண்ணை என்பது என்ன? ஊர்த் தெருவில் ஒரு வீட்டின் முகப்பு. சேரிக்காரர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய தெரு, ஏறவே கூடாத மேடை. பாடம் என்ன, ஆசிரியர் யார் என்பதற்கெல்லாம் முன்பே, கட்டடத்தின் உயரத்திலேயே அனுமதி முடிந்துவிடுகிறது.

1822 ஜூன் 25 அன்று சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ எல்லா மாவட்ட ஆட்சியர்களிடமும் பள்ளிக் கணக்குக் கேட்டார். மதுரை ஆட்சியரும் அனுப்பினார். மாகாணம் முழுக்கச் சேர்த்து 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள், மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் என்று 1826இல் மன்றோ தொகுத்தார். இந்தக் கணக்கைத்தான் தரம்பால் 1983இல் வெளியிட்ட புத்தகத்தில் எடுத்துக்காட்டி, பிராமணர் அல்லாத பிள்ளைகளே பெரும்பான்மையாகப் படித்தார்கள் என்று வாதிட்டார். இன்றும் வாட்ஸ்அப்பில் "வெள்ளைக்காரன் வருவதற்கு முன் எல்லோரும் படித்தார்கள்" என்று சுற்றுவது இதன் தேய்ந்த வடிவம். தரம்பாலின் எண்கள் பொய்யில்லை. ஆனால் அந்தப் படிவத்தின் பத்திகளைப் பாருங்கள்: பிராமணர், வைசியர், சூத்திரர், மற்ற எல்லாச் சாதியார், முசல்மான்கள். அந்த 'மற்ற எல்லாச் சாதியார்' என்கிற பத்திக்குள் பறையர் பிள்ளை எத்தனை, பள்ளர் பிள்ளை எத்தனை, சக்கிலியர் பிள்ளை எத்தனை என்று அது சொல்லாது. சொல்லாத கணக்கில் நம் தாத்தாக்களைப் புகுத்தி "நீங்களும் படித்தீர்கள்" என்று நம்மிடமே சொல்வதை நாங்கள் ஏற்கவில்லை.

அதேசமயம் நம்மிடம் ஏடே இருந்ததில்லை என்பதும் பொய். வள்ளுவர்கள் கணியம் பார்த்தார்கள், மருத்துவ ஏடுகள் வைத்திருந்தார்கள். தன் பாட்டனார் கந்தப்பன் கொடுத்த திருக்குறள் ஏடுதான் எல்லிஸ் துரை கைக்குப் போனது என்று அயோத்திதாசர் பதிவு செய்திருக்கிறார். திண்ணைக்கு வெளியே நமக்கென்று சின்னச் சின்னக் கல்வி இருந்தது. அது ஊர் முழுக்கப் பரவ வழியில்லாமல் குடும்பங்களுக்குள் கிடந்தது.

திண்ணை மணலின் கதையில் ஒரு கசப்பான திருப்பம் உண்டு. சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதையும் பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வழியையும் தன் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு, ஊர் திரும்பி 1797இல் புத்தகமாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. லண்டன் சேரிப் பிள்ளை தட்டில் பரப்பிய மணலில் எழுத்துப் பழகிய காலத்தில், அந்த மணலின் சொந்த நாட்டில் சேரிப் பிள்ளை திண்ணைக்குக் கீழேகூட நிற்க முடியவில்லை.

1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்க மிஷனரிகள் மதுரை மிஷனைத் தொடங்கினார்கள். டேனியல் பூர் 1836இல் வந்து பல பள்ளிகளைத் திறந்தார். 1845இல் அவர்களுடைய செமினரி திருமங்கலத்திலிருந்து பசுமலைக்கு வந்தது. அமெரிக்கன் கல்லூரியின் வேர் அதுதான். சாதியை இவர்கள் ஒரே நாளில் உடைத்துவிடவில்லை. ஆனால் 1847இல் சாதியை விடாதவருக்குச் சபையில் இடமில்லை என்று மிஷன் கறாராக நின்றபோது பசுமலையிலிருந்து மாணவர்கள் கிளம்பிப் போனார்கள் என்பதை மறக்கக்கூடாது. சேர்ந்து உட்கார்வதைவிட எழுத்தை விட்டுப்போவது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இன்னொரு பெரிய மாற்றம் அச்சு. காகிதம் கிழியாது, ஆகவே புள்ளி நிலைத்தது. பட்டம் பட்டமாகவே அச்சாயிற்று. முதல்முறையாக, ஒரு பாட்டை முன்பே கேட்டிராதவரும் அதை வாசித்துவிட முடிகிற எழுத்து பரவலாகக் கைக்கு வந்தது. இதை விடுதலை என்று சொன்னால் சிலர் மிகை என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

1892இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. அடுத்த ஆண்டு, 1893இல், பஞ்சமர் கல்விக்கான ஆணை. 1894இல் கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளிகளைத் தொடங்கினார். அதில் அயோத்திதாசரின் பங்கு உங்களுக்குத் தெரியும். அதிகம் பேசப்படாதது, அந்தப் பள்ளிகள் கற்பிக்கும் முறையைப் பற்றி யோசித்தன என்பது. அங்கே பணியாற்றிய கோர்ட்ரைட் அம்மையார் 1906இல் தங்கள் முறை பற்றி ஒரு சிறுநூலே எழுதினார். ஓரிரண்டு ஆண்டுகளில் வேலைக்குப் போய்விடப்போகிற பிள்ளைக்கு எதை, எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது என்பது அவர்களுக்கு உண்மையான கேள்வி. எம்.சி. ராஜாவையும் இங்கே நினைக்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினராக மட்டுமே அவரைப் படிக்கிறோம். அவர் பள்ளி ஆசிரியர், பாடப்புத்தகங்கள் எழுதியவர். 1920களில் தொழிலாளர் துறை நம் குடியிருப்புகளுக்குள் திறந்த லேபர் பள்ளிகள்தான் பின்னாளில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் ஆயின. திண்ணை ஏற முடியாவிட்டால் பள்ளியே கீழே இறங்கி வரட்டும் என்ற ஏற்பாடு. அதனால் பிள்ளைகள் படித்தார்கள், அதே சமயம் தனியாகவே வைக்கப்பட்டார்கள். இரண்டும் உண்மை.

பள்ளி வந்துவிட்டது, 1956க்குப் பிறகு மதிய உணவும் வந்தது. பாடத்தின் வரிசை மட்டும் திண்ணையிலிருந்து அப்படியே இறங்கி வந்தது. முதலில் உயிர் 12, பிறகு மெய் 18, பிறகு உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. 247ஐயும் முடித்த பிறகு சொல், அதிலும் இரட்டிப்பும் ஜோடியும் வருகிற சொற்கள் கடைசியில். பத்து வருடம் படிக்கப்போகிற பிள்ளைக்கு இந்த வரிசை ஒன்றும் செய்யாது. பங்குனியில் பள்ளிக்குப் போய், ஆடு மேய்க்க ஆடியில் நிறுத்தப்படுகிற பிள்ளைக்கு? கையில் 247 எழுத்து இருக்கும், ஒரு சொல் இருக்காது. நம் பாட்டிமார்களில் எத்தனையோ பேர் "ரெண்டாப்பு வரைக்கும் போனேன், எழுத்தெல்லாம் தெரியும், வாசிக்கத்தான் வராது" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது மறதி என்று நாங்களும் நீண்ட நாள் நினைத்திருந்தோம்.

வரிசையைத் தலைகீழாக்கிய ஓர் இயக்கத்தைப் பற்றிச் சொல்ல மதுரையிலிருந்து பக்கத்துச் சீமைக்குப் போக வேண்டும். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், தமிழ்நாடு அறிவியல் இயக்கத் தோழர்கள், ஆயிரக்கணக்கான தொண்டர்கள். கல்குவாரிப் பெண்கள் சைக்கிள் பழகியதுதான் வெளியுலகுக்குத் தெரிந்த படம். எங்களுக்கு முக்கியமாகப்படுவது அதன் முதல் பாடம். அறிவொளிப் புத்தகம் அ, ஆ என்று தொடங்கவில்லை. 'பட்டா' என்ற சொல்லிலிருந்து தொடங்கியது.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். ஒரு நாளும் எழுதுகோல் பிடிக்காத கூலிப் பெண்ணுக்கு முதல் சொல்லிலேயே ட்டா. பழைய முறைப்படி அது கடைசிப் பாடம். ஆனால் அந்தச் சொல்லின் ஓசை அவர் காதில் பிறந்ததிலிருந்து இருக்கிறது. யாரிடம் பட்டா இருக்கிறது, யாரிடம் இல்லை என்பதுதானே ஊரின் பேச்சு. தெரிந்த ஓசைக்கு எழுத்தைக் காட்டினால் புள்ளி தன்னால் தன் இடத்தில் உட்கார்கிறது. பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே இதைத்தான் செய்தார். 1963இல் அங்கிகோஸ் ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் வாசிக்கக் கற்பித்த முயற்சி அவருடையது. அவருடைய பாடங்களில் 'செங்கல்' என்பதற்கான சொல் ஒன்று. எங்கள் பையனின் அம்மா சூளையில் தினமும் தொடுவதும் அதையேதான். தமிழில் அதற்குள் ஒரு ங்க இருக்கிறது.

இன்னொன்று. 1992இல் மதுரையிலிருந்து பாமாவின் 'கருக்கு' வெளிவந்தது. நம் தெருப் பேச்சு அச்சில் ஏறியது. அந்தப் பேச்சில் இலக்கியம் வராது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் யார் என்று பார்த்தால், புள்ளி வைத்த எழுத்து வராது என்று இன்று சொல்பவர்களின் முன்னோர்தான்.

பேச்சைப் பற்றியே வருவோம். காற்று என்று எழுதிக் காத்து என்கிறோம். நெற்றி நெத்தி ஆகிறது, கன்று கன்னுக்குட்டி ஆகிறது, ஐந்து அஞ்சு ஆகிறது. இது சேரிப் பேச்சா? மதுரையில் எந்தத் தெருவில் யார் வீட்டில் "காற்று வருகிறது" என்கிறார்கள்? எல்லோரும் காத்துதான். ஒரே 'காத்து', ஊர்த் தெருப் பிள்ளை எழுதினால் கவனக்குறைவு, நம் பிள்ளை எழுதினால் பிறப்பு. பிழைத்திருத்தத்துக்குள்ளும் சாதி உட்கார்ந்திருக்கிறது.

உண்மையில் மதுரைப் பிள்ளையின் வாயில்தான் இந்த எழுத்துகள் கொட்டிக் கிடக்கின்றன. அங்கிட்டு, இங்கிட்டு. அம்புட்டு, இம்புட்டு, எம்புட்டு. கொஞ்சூண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லின ஜோடி, பலவற்றில் ஓர் இரட்டிப்பும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். அதுவரை நாங்களும் 247ஐத்தான் நடத்தினோம். மல்லிகைப் பூ சீசனில் விடியற்காலைப் பறிப்புக்குப் போய் மாலையில் தூங்கி வழிகிற பிள்ளைகளிடம் ஙகர வரிசை நடத்தியிருக்கிறோம். அந்த வருடம் வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் அடுத்த வருடம் வரவில்லை. அந்தக் கணக்கு எங்கள் தலையில்தான்.

இப்போது சாக்பீஸால் தரையில் பெரிதாக 'அங்கிட்டு' என்று எழுதுகிறோம். பிள்ளைகள் ஒரு சொல்லுக்கு ஒரு குதி என்று குதிப்பதில்லை. 'அங்' ஒரு கட்டம், 'கிட்' ஒரு கட்டம், 'டு' ஒரு கட்டம். இக், இங் என்ற பெயர்களை அட்டையில் வைத்திருக்கிறோம், ஆனால் வாசிக்கும்போது யாரும் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது, சொன்னால் அவுட். பறை அடிக்கத் தெரிந்த ஒரு பெரிய பையன் இரட்டிப்பு வருகிற இடத்தில் ஓங்கி ஓர் அடி கொடுப்பான். குடை, குட்டை. எடு, எட்டு. பாடு, பாட்டு. (பறையை எப்படிப் பார்ப்பது என்று நமக்குள் விவாதம் உண்டு, அதை இங்கே தொடங்க வேண்டாம்.) ற்ற, ன்ற இரண்டையும் கடைசிக்குத் தள்ளிவிட்டோம். காத்து என்று எழுதினால் முதலில் சரி போடுகிறோம். பிறகு 'புத்தகத்தில் இது இப்படிச் சட்டை போட்டுக்கொள்ளும்' என்று காற்றைக் காட்டுகிறோம். இதில் மாற்றுக் கருத்துள்ள தமிழாசிரியர்கள் உண்டு. அவர்கள் சொல்வதையும் கேட்கிறோம்.

அடுத்த பாடம் பேருந்துப் பலகை. மாட்டுத்தாவணி, திருப்பரங்குன்றம், உசிலம்பட்டி, அலங்காநல்லூர், கள்ளந்திரி. மதுரையைச் சுற்றிய ஊர்ப் பெயர்களில் புள்ளி இல்லாத பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ப்ப, ட்ட பழகும்போது ஒரு மாணவத் தோழர் கரும்பலகையில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி என்று எழுதினார். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "இந்த ஊர்ல என்னக்கா விசேசம்?" என்று கேட்டுவிட்டாள். 1996இல் அந்த ஊராட்சிகள் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதையும், 2006 வரை முறையான தலைவர் வரவிடாமல் தடுத்ததையும், மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997இல் பேருந்தில் வைத்து வெட்டிக் கொல்லப்பட்டதையும் சொன்னோம். ப்ப, ட்ட பாடம் அன்றைக்கு அப்படியே நின்றுபோனது. வகுப்பு எட்டரை மணிவரை நீண்டது.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தது. எங்களில் சிலரே அதில் தன்னார்வலராக இருந்தோம். 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்கு எண்ணும் எழுத்தும் வந்தது. அட்டை, பாட்டு, விளையாட்டு எல்லாம் இருக்கிறது. நல்ல ஆசிரியர் கையில் நன்றாகவே நடக்கிறது. அதன் பிறகும் 'பயிட்டயிம்' என்கிற பிள்ளையை யார் கையில் எடுப்பது என்பதுதான் மிச்சம். ஆறாம் வகுப்பில் சமூக அறிவியல் புத்தகம் இருக்கிறது. அதில் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பந்தம், சட்டம், குடிமக்கள், ஒடுக்கப்பட்ட.

பட்டம் விட்ட பையன் பொங்கலுக்குள் வாசிக்கத் தொடங்கினான். கதைப் புத்தகம் கொடுத்தோம், அதில் அவனுக்கு நாட்டமில்லை. ஒரு நாள் தன் அப்பத்தாவைக் கையைப் பிடித்து வகுப்புக்கு இழுத்து வந்தான். அவர் மஞ்சள் பையில் நான்காக மடித்த ஒரு தாள். டிரங்குப் பெட்டிக்குள் இருபது வருடத்துக்கு மேல் இருந்ததாம். மடிப்பு ஓரங்களில் எழுத்து உதிர்ந்திருந்தது.

"வீட்-டு-ம-னை..." என்று விரலை வைத்து வாசித்தான். "ஒப்-ப-டை. நி-பந்-த-னை-கள்." நிமிர்ந்து பார்த்தான். "நிபந்தனைன்னா என்னக்கா?"

தோழர் விளக்கத் தொடங்கினார். அப்பத்தா கையமர்த்தினார்.

"நீ இரு தாயி. அடுத்து என்ன போட்டிருக்குன்னு அவன் படிக்கட்டும்."